ஆடு மேய்த்தவர் சொன்ன உண்மை

வகுப்பில் விடை தெரியாமல் விழிப்பவனைப் பார்த்து, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கூறுவது நம் பள்ளிகளில் இன்றும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படித்தபின் இவ்வசவு எனக்குப் பொருளற்றதாகவே படுகிறது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ளது அப்பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான கருங்கற் சுவர்கள். எல் கேப்பிட்டன் என்னும் பாறை மட்டுமே ஏறத்தாழ 900 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. இஃது எவ்வாறு உண்டாயிற்று? மாநில நிலவியல் ஆய்வின் தலைவரும் ஹார்வர்டு பேராசிரியருமான ஜோசையா விட்னி, நிலம் திடீரென அடியில் இறங்கியதால் என்றார். 1869-இல் ஆட்டு மந்தையோடு அம்மலைகளில் கோடையைக் கழித்த ஜான் மியூர், பனியாறு குடைந்தது என்றார். 'ஆட்டிடையன்' என்று விட்னி அவரை இகழ்ந்தாராம்.

மியூர் மலைமேல் ஏறினார். பனி இழைத்த பாறைகளின் பளபளப்பையும், ஒரே திசையில் ஓடும் கீறல்களையும் கண்டார். 1872-இல் மக்ளூர் பனியாற்றில் முளைகளை நட்டு அளந்தார். நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்ந்தது! அடியில் கற்களைப் பற்றிக்கொண்டு நகரும் பனி, தச்சர் கையிலுள்ள உப்புத்தாள் போன்றது. ஓர் அங்குலம் போதும், காலம்தான் வேண்டும். (2013-இல் வெளியான அளவீட்டிலும் அதே வேகம்தான், அருகிலுள்ள லயல் பனியாறோ நின்றேவிட்டது.)

பெரிய பனியாறு ஆழமாகக் குடைய, கிளைப் பள்ளத்தாக்குகள் மேலேயே தங்கிவிட்டன. பனி உருகியபின் அங்கிருந்து வந்த ஓடைகள் அருவிகளாய் விழுந்தன. 188 மீட்டர் உயர பிரைடல்வெயில் அருவி அப்படிப் பிறந்ததே.

ஆனால் மியூரைத் தெய்வமாக்குவது எனக்கு உடன்பாடன்று. எல்லாமே பனியின் வேலை என்று அவர் மிகைப்படுத்தினார். முதலில் ஆறு அறுத்தது, பின்னரே பனி ஆழமும் அகலமும் ஆக்கியது என்று 1930-இல் பிரான்சுவா மத்தேஸ் விளக்கினார். மேலும், மியூர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், பட்டம்தான் பெறவில்லை. ஆகவே படிப்பே வேண்டாம் என்போர்க்கு அவர் துணைவரமாட்டார். என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். படிப்பின் அருமை அறிவேன்.

நான் கேட்பது வேறு. 'ப' வடிவப் பள்ளத்தாக்கை நாம் கரும்பலகையில் மட்டுமே காண்கிறோம். பனியாறு இங்கில்லை, சரி. ஆற்றுப் படுகையும் கல் குவாரியும் இருக்கின்றனவே! செய்முறை வகுப்பில் பெட்டிக் கற்களுக்கு எண் போடும் நேரத்தில் பாதியை அங்கே செலவிடலாம். கிணறு வெட்டும் பெரியவர்களிடம் எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தொடங்கும் என்று கேட்டு எழுதி, அதற்கும் மதிப்பெண் தரலாம். பேராசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.