மீக்கடத்தி மின்மாற்றியும் பொதுத்துறையும்

திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிரிலேயே மின்தடையை முற்றாக இழக்கும் மீக்கடத்திகள் 1987ல் கண்டறியப்பட்டன. பத்தாண்டில், 1997ல், ஏபிபி நிறுவனம் ஜெனீவாவில் 630 கேவிஏ மீக்கடத்தி மின்மாற்றியை மின்கட்டமைப்பில் இணைத்துச் சோதித்தது. இதில் எண்ணெய் இல்லை. எனவே எண்ணெய் தீப்பற்றும் அச்சமும் இல்லை. எடையும் குறைவு. நெரிசல் மிகுந்த நகரத் துணைமின் நிலையங்களுக்கு ஏற்றது. ஆனால் குளிரூட்டவே கணிசமான மின்சாரம் வேண்டும். மீக்கடத்தி நாடாவின் விலையும் அதிகம். உடனடி லாபம் தேடுவோர் இதைத் தொடமாட்டார்கள்.

திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகமான நிஸ்ட், மக்னீசியம் டைபோரைடு மீக்கடத்திக் கம்பிகளை உருவாக்கியுள்ளது. (இக்கம்பிக்கு இன்னும் ஆழ்ந்த குளிர் தேவை என்பது வேறு.) அங்கமாலியில் மின்மாற்றி தயாரிக்கும் டெல்க் 1963ல் தொடங்கப்பட்டது. கேரள மின்வாரியத்தின் தலைமையகம் திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ளது. ஆய்வு, உற்பத்தி, பயன்பாடு மூன்றும் ஒரே மாநிலத்தில், பொதுத்துறையில்! இவற்றை ஒரே திட்டத்தில் இணைத்து நிதி ஒதுக்க வேண்டிய ஒன்றிய அரசோ, மின்சாரத் திருத்த மசோதா வழியாக விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிட முனைகிறது. லாபம் தரும் நகரப் பகுதிகளை அள்ளிக்கொள்ளும் நிறுவனம் இருபதாண்டு ஆய்வுக்குக் காத்திருக்குமா? நாளை அந்த மின்மாற்றியை வெளிநாட்டிலிருந்து வாங்கி, விலையை நுகர்வோர் கட்டணத்தில் ஏற்றும். மசோதாவை எதிர்த்துப் போராடும் மின் ஊழியர் இயக்கம், பொதுத்துறை ஆய்வுக்கான நிதியையும் தன் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும்.