மதகை மறந்து ஏரியை அளப்பவர்கள்

சிறுதொழில் நடத்துபவர் ஒருவர் காணொலிக் கூட்டங்களுக்காக இணைய இணைப்பு எடுக்க முற்படும்போது, விற்பவர் முதலில் சொல்வதும் வாங்குபவர் முதலில் கேட்பதும் ‘எத்தனை எம்பிபிஎஸ்’ என்ற ஒன்றே. நொடிக்கு எத்தனை மெகாபிட் தரவு வரும் என்பதைக் குறிக்கும் இந்த எண் 40 ஆனால் சுமார், 100 ஆனால் நன்று, 300 ஆனால் கூட்டம் தடைபடவே படாது என்ற நம்பிக்கை சென்னை அலுவலகங்களிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கடைத்தெரு வரை பரவிக் கிடக்கிறது. படம் உறைந்து குரல் அறுந்துபோகும்போதெல்லாம் ‘ஸ்பீடு பத்தலை, பிளானை மாத்துங்க’ என்ற அறிவுரையே கிடைக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது. அந்தப் பிழைக்கான விலையைக் குறைந்த முதலில் தொழில் செய்பவரே மாதந்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கூட்டத்திற்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பது மறைபொருள் அன்று. பலர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் தெளிவான 720பி படத்திற்கு, அனுப்புவதற்கு நொடிக்கு 2.6 மெகாபிட்டும் பெறுவதற்கு 1.8 மெகாபிட்டும் போதும் என்று ஜூம் நிறுவனமே தன் பயனர்களுக்குக் கூறியிருக்கிறது. குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். 100 மெகாபிட் இணைப்பில் கூட்டம் தடுமாறுகிறது என்றால், பெறும் திசையில் தேவையைப்போல் ஐம்பது மடங்கு இருந்தும் தடுமாறுகிறது என்றே பொருள். அந்த ஐம்பது மடங்கை நூற்றைம்பது மடங்காக்குவது எந்த நோய்க்கு மருந்து என்பதை விற்பவர் எவரும் விளக்குவதில்லை. மேலே உள்ள இரண்டு அளவுகளில் அனுப்பும் அளவே பெரியது என்பதும் கவனிக்கத்தக்கது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண்ணோ பெரும்பாலும் பதிவிறக்க வேகம், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் தரவின் வேகம். இந்தப் பழக்கத்திற்கு அரசின் வரையறையும் துணைபோகிறது. 2004ஆம் ஆண்டு அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட் பதிவிறக்கத்தை அகலக்கற்றையின் அடையாளமாக வைத்தது. பின்னர் அது 512 கிலோபிட்டாகி, 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. இருவழியாகப் பேசிக்கொள்ளும் சேவைகளைத் தாங்க வல்ல இணைப்பு என்று தொடங்கும் அந்த வரையறை, எண் என்று வரும்போது ஒருவழியை மட்டுமே அளக்கிறது. அதையும் சேவை நிறுவனத்தின் முனையம் வரைதான் அளக்கிறது, முனையத்திற்கு அப்பால் கேட்பதில்லை. பட்டுச் சேலையின் கரையையும் சரிகையையும் கேமராவுக்கு முன் விரித்துக் காட்டி வெளியூர் வியாபாரியிடம் விலை பேசும் காஞ்சிபுரம் மாவட்டத்து உற்பத்தியாளருக்கு வேண்டியதோ பதிவேற்றம், அதாவது தன் பக்கத்துப் படம் வெளியே போகும் வழி. அந்த வழி குறுகினால் வியாபாரியின் முகம் இவருக்குத் துல்லியமாகத் தெரியும், இவருடைய சேலையின் நிறம் மட்டும் வியாபாரிக்குக் கலங்கித் தெரியும்.

‘யூடியூபில் படம் நன்றாக ஓடுகிறதே’ என்பது அடுத்த வாதம். முன்பே பதிவான படத்தைக் கருவி பல நொடிகளுக்கு முன்னதாகவே இறக்கிச் சேமித்துக்கொள்ளும். வழியில் இரண்டு நொடி தடை வந்தாலும் சேமிப்பு ஈடுகட்டிவிடும். இன்னும் பேசப்படாத சொல்லை எவராலும் முன்கூட்டி இறக்கிவைக்க முடியாது. ஆகவே கூட்டத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: தரவு போய்ச்சேர ஆகும் நேரமாகிய தாமதம், அந்த நேரம் கணத்துக்குக் கணம் கூடிக் குறைவதாகிய நடுக்கம், துண்டுதுண்டாகச் செல்லும் தரவுப் பொட்டலங்களில் சில வழியிலேயே தொலைவதாகிய இழப்பு. ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லிநொடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குப் போக ஒரு மில்லிநொடிகூட ஆகாது. தொலைவு இங்கே குற்றவாளி அன்று, வழியில் நிற்கும் வரிசையே குற்றவாளி.

உத்திரமேரூர்க்காரருக்கு இதை விளக்க ஏரியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தாலும், மதகு சிறிதாக இருந்து, வாய்க்காலில் தலைமடைக்காரர் வேண்டியமட்டும் இறைத்துக்கொண்டால், கடைமடை வயல் காயும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இவ்வூர்க் கல்வெட்டுகள் ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரியத்திற்கு வருபவரிடம் நிலம், மனை, வயது, கல்வி என்று பல தகுதிகளைக் கேட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கியும் வைத்தன. ஒற்றைத் தகுதியால் ஆளை எடைபோடாத ஊரில் ஒற்றை எண்ணால் இணைப்பை எடைபோடுவது வருந்தத்தக்கது.

வரிசை உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கடையின் கண்காணிப்புக் கேமராக்கள் தம் பதிவுகளை இணையச் சேமிப்புக்கு இடைவிடாமல் அனுப்புகின்றன; பணியாளர் கைபேசிகள் வைஃபையைக் கண்டதும் புகைப்படங்களை ஏற்றத் தொடங்குகின்றன. பதிவேற்ற வழி 5 மெகாபிட் மட்டுமே உள்ள இடத்தில், ரவுட்டர் தன் நினைவகத்தில் 1 மெகாபைட்டை, அதாவது 8 மெகாபிட்டை, வரிசையில் நிறுத்தினால், கடைசியில் நிற்கும் குரல் பொட்டலம் 1.6 நொடி காத்திருந்தே வெளியேறும். எந்தத் தரவும் தொலையவில்லை, வரிசை இல்லாத நேரத்தில் வேகச் சோதனையும் முழு எண்ணைக் காட்டும், ஆனால் கூட்டம் பேச முடியாததாகிவிடும். கூட்டத்தின் பொட்டலங்களை முன்னே விடும் வசதியுள்ள ரவுட்டரும், கேமராக்களின் பதிவேற்றத்துக்கு ஒரு வரம்பும், கூட்டம் நடக்கும் கணினிக்கு வைஃபைக்குப் பதில் ஒரு கம்பியும் இதைப் பெரிதும் தணிக்கும். மாதக் கட்டணத்தை உயர்த்த வேண்டியதில்லை.

பெரிய திட்டத்தில் பதிவேற்றமும் கூடத்தானே வரும் என்று கேட்பது நியாயமே. பல ஃபைபர் திட்டங்களில் இரு திசைக்கும் ஒரே வேகம் தரப்படுவதும் உண்மை. ஆனால் பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபரில் ஓர் இழை கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட் என்ற கணக்கில் 32 அல்லது 64 இணைப்புகளுக்குப் பகிரப்படுகிறது. பிறகு அந்த நிறுவனம் வெளியுலகுக்கு எடுத்திருக்கும் வழியையும் ஊரே பகிர்கிறது. ஆகவே காலையில் ஒருமுறை பார்த்த வேகச் சோதனை எதையும் நிறுவாது. அண்டை வீடுகளெல்லாம் படம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு, தாமதமும் இழப்பும் எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் வரை கொண்டுசெல்லும் மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டின் பணி வரவேற்கத்தக்கது என்றாலும், ஊராட்சி வரை வந்த இழை கடை வரை எப்படி வருகிறது என்ற கேள்வியை அது தானாகத் தீர்த்துவிடாது.

கிராமப்புறத்தில் இன்னொன்றும் உண்டு. ஜிபான் வகையில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை; கம்பத்தில் ஸ்விட்ச் பெட்டி வைத்துத் தெருத்தெருவாகப் பிரிக்கும் வகைக்குத் தேவை. இரண்டாவது வகையில், கடையில் இன்வெர்ட்டர் இருந்தும், தெருவில் கரண்ட் போனதும் இணைப்பும் போகும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்பிகள் புயலில் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பரில் வந்த வர்தா இந்த வட்டாரத்துக்குக் காட்டிச் சென்றது. எனவே 300 மெகாபிட்டுக்குச் செலவிடும் தொகையை, 50 மெகாபிட் ஃபைபருக்கும், அதனோடு சேர்ந்து அறுபடாத வேறொரு நிறுவனத்தின் கைபேசி சிம்முக்கும், மோடமும் ரவுட்டரும் சில மணி நேரம் ஓடப் போதுமான சிறு மின்கலத்துக்கும் பிரித்துச் செலவிடுபவரே விவரமாக வாங்குபவர். பதிவேற்றம் எவ்வளவு, பெட்டி எந்த வகை, பழுது வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பவற்றை எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம் அவர் எந்தத் திட்டத்தையும் எடுக்க வேண்டியதில்லை.