நாய்க்கும் ஓர் அட்வான்ஸ்

வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களிடம் புரோக்கர் கேட்கிற கேள்விகள் ஒரு வரிசையில்தான் வரும். எத்தனை பேர்? சைவமா, அசைவமா? ஐயாவுக்கு எங்கே வேலை? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, வீடும் பிடித்து, அட்வான்ஸ் பேசுகிற கட்டத்துக்கு வந்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பார். “நாய் கீய் ஒண்ணும் இல்லியேம்மா?” இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்தான்: “அப்ப இந்த வீடு சரிப்படாதும்மா.” இப்போது சென்னையில் இன்னொரு பதிலும் காதில் விழுகிறது. “வெச்சுக்குங்க, பரவால்ல. ஆனா நாய்க்குன்னு ஒரு மாச வாடகை கூடக் குடுத்துடுங்க.” இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் திரும்பி வருமா என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஜிம்மிக்கு வயது ஒன்பது. அவனைக் கூட்டிக்கொண்டு மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறோம். எனவே இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாய்க்காக வாங்கும் பணம் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கும் என் அண்ணன் மகள் சொல்லித்தான் இது எனக்கு விளங்கியது. அங்கே இதை மூன்று பெயரில் வாங்குகிறார்களாம். ‘பெட் டெபாசிட்’ என்பது நம் அட்வான்ஸ் மாதிரி. நாய் ஒன்றையும் பாழாக்காவிட்டால் காலி செய்யும்போது திரும்பி வரும். ‘பெட் ஃபீ’ என்பது ஒரே தடவை கட்டுவது. நாய் பரம சாதுவாக இருந்தாலும் பைசா திரும்பாது. ‘பெட் ரெண்ட்’ என்பது மாதாமாதம் வாடகையோடு சேர்த்துக் கட்டுவது. அவள் முதலில் 300 டாலர் ஃபீ கட்டி, மாதம் 25 டாலர் வேறு கட்டுகிறாள். இரண்டு வருஷம் இருந்தால் 900 டாலர், அத்தனையும் போனது போனதுதான். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் போன்றவற்றுக்கு மட்டும் அங்கே இந்தக் கட்டணம் எதையும் வாங்கக் கூடாது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல், நாய்க்கான டெபாசிட்டையும் சேர்த்து மொத்த டெபாசிட்டே பெரும்பாலும் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள்.

அங்கே கறாராக வாங்குகிறார்கள் என்றாலும், எந்தப் பணம் எந்த ஜாதி என்று காகிதத்தில் இருக்கிறது. நம் ஊரிலோ மூன்றையும் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம்: “நாய்க்குக் கொஞ்சம் போட்டுக் குடுங்க.” கொடுக்கும்போது அது அட்வான்ஸ். திருப்பிக் கேட்கும்போது அதுவே ஃபீஸ்!

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. கைக்குழந்தையும் ஒரு நாட்டு நாயுமாகக் குடிவந்தாள். வாடகை 18,000. ஐந்து மாத அட்வான்ஸ் 90,000. நாய்க்கென்று மேலே ஒரு மாதம். மொத்தம் 1,08,000 ரூபாய் பாங்க் மூலம் போனது. ஒப்பந்தத்தில் நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்தபோது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்தார்கள். அது இந்த ஊர் வழக்கம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து, “நாய்க்கு வாங்கினது திரும்ப வராதும்மா, அது அப்பவே பேசினதுதானே” என்றார்கள். அவளுக்கு அப்படிப் பேசியதாக நினைவே இல்லை. எது பாழானது என்று கேட்டால், கொல்லைக் கதவின் அடியில் நாய் பிறாண்டிய கீறலைக் காட்டினார்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டதில் 2,200 ரூபாய் வேலை என்றார். இரண்டு மாதம் நடையாய் நடந்து கடைசியில் 9,000 ரூபாயோடு பேச்சு முடிந்தது. புது வீட்டில் குழந்தையை ஸ்கூலில் சேர்க்க வைத்திருந்த பணம் அது. “நாய் தின்னதை விட நாய்ப் பேரைச் சொல்லித் தின்னதுதான்கா அதிகம்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொன்று. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த ‘வேறு விதமாக’ என்கிற வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது; பத்து மாதம் என்று எழுதி நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மூன்று மாதம் என்று வாதாட முடியாது. நாய் அட்வான்ஸ் என்று தனியாக ஒன்று அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆகவே கொடுக்கிற பணம் முழுவதையும் ஒரே அட்வான்ஸாக எழுதச் சொல்லுவதுதான் நமக்கு நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு தொல்லை, அசோசியேஷன். ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று 1962-இல் சென்னையில் தொடங்கிய பிராணிகள் நல வாரியம் 2015-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. மெஜாரிட்டி ஓட்டுப் போட்டால்கூட, குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ, அதற்குத் தனிக் காசு என்றோ சொல்லவும் முடியாது. கேரள ஹைகோர்ட்டும் 2021-இல் இப்படிப்பட்ட தடை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் மல்லுக்கு நிற்காதீர்கள். இது சங்கத்துக்கு. தன் சொந்த வீட்டை நாய் உள்ளவர்களுக்கு விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், விடத்தான் வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டாவதாக வீடு விட்ட அம்மாள் விதவை; அந்த வாடகைதான் அவருக்குச் சாப்பாடு. முன்பு இருந்தவர்கள் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டு, நாயோடு உண்ணியையும் வளர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாயுண்ணி சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் புகுந்து முட்டை வைத்துவிடும். நாய் போன பிறகும் அது போகாது. மூன்று தடவை மருந்து அடிக்க வேண்டியிருந்ததாம். “நீங்க அப்படி இல்லேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். சரியான கேள்விதானே?

நான் ஜிம்மியின் தடுப்பூசிப் புத்தகத்தையும், மாநகராட்சி உரிமத்தின் நகலையும் அவர் கையில் கொடுத்தேன். வெறிநாய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கி, டாக்டர் சொல்லும் தேதியில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் அவர் சொல்லும் இடைவெளியில். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் இது இரட்டிப்பு அவசியம், ஏனென்றால் நாய் மலத்தில் உள்ள குடற்புழு முட்டை மண் வழியாகக் குழந்தை வாய்க்குப் போகும். ஜிம்மியையும் ஒரு மாலை கூட்டிப் போய்க் காட்டினேன். பிறகு சொன்னேன்: “கூட ஒரு மாச அட்வான்ஸ் வாங்கிக்கோங்கம்மா, தரோம். ஆனா அது திரும்பி வர்ற பணம்னு எழுதிடலாம்.” அவர் ஒப்புக்கொண்டார். திருப்பித் தராத பணமாகக் கேட்டிருந்தால், “எந்த வேலைக்கும்மா?” என்று கேட்டிருப்பேன். காலி செய்தபின் ஒரு தடவை பூச்சி மருந்து அடிக்க இவ்வளவு என்றால் கொடுக்கலாம். சும்மா ‘நாய்க்கு’ என்றால் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எழுதிக்கொண்டது ஏறக்குறைய இப்படி: “குடித்தனக்காரர் ஜிம்மி என்ற ஒரு நாயை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொந்தக்காரர் சம்மதிக்கிறார். இதற்காகச் சேர்த்துப் பெற்ற ஒரு மாத வாடகைத் தொகை அட்வான்ஸின் பகுதி. காலி செய்யும்போது திருப்பித் தரத்தக்கது. நாயினால் ஏற்பட்ட சேதம் இருந்தால் அதன் ரிப்பேர் செலவை மட்டும் ரசீது காட்டிக் கழித்துக்கொள்ளலாம். சாதாரண உபயோகத்தால் வரும் தேய்மானம் இதில் சேராது.” ஐந்தே வாக்கியம். பாங்கில் பணம் அனுப்பும்போதும் குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்றே போட்டோம். சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு கதவின் அடிப்பாகம், ஜன்னல் கொசுவலை, தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே அந்த அம்மாளுக்கும் அனுப்பிவிட்டேன். நாங்கள் காலி செய்தபோது ஒரு கொசுவலைக்கு 650 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். வலையைக் கிழித்தது ஜிம்மிதான், மறுப்பதற்கில்லை.

நாயை மறைத்துக் குடிபோகலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். முதல் நாள் தபால்காரர் மணி அடித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு அந்த வீட்டில் நாம் எதைக் கேட்டாலும், பைப் ஒழுகுகிறது என்றால்கூட, வாயை அடைக்க அவர்களுக்கு அந்த ஒன்று போதும்.

இனி தரை. அட்வான்ஸில் கை வைக்க முதல் காரணமாகக் காட்டுவது சிறுநீர்க் கறைதான். டைல்ஸ் தரை பயமில்லை. மொசைக்கும் மார்பிளும் இழுத்துக்கொள்ளும், கறை தங்கும். நாய் ஈரம் செய்தால் உடனே பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை துடையுங்கள். வினிகரோ எலுமிச்சையோ மொசைக், மார்பிளில் படவே கூடாது. புளிப்பு கல்லை அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் கண்ணும் மூச்சும் எரிகிற வாயு கிளம்பும். குழந்தை உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். கதவு பிறாண்டுகிற நாயாக இருந்தால் கதவின் அடியில் இரண்டடி உயரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிடுங்கள். கூடவே நகத்தையும் மாதம் ஒரு தடவை வெட்டுங்கள்.

எல்லாம் செய்தும் வீடு கிடைக்காமல் போவது உண்டு. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, பதினைந்து நாளில் போக வேண்டும், நாயோடு யாரும் சேர்க்கவில்லை என்றால் என்ன செய்வது? எங்கள் தெரு முனையில் கழுத்தில் பட்டையோடு ஒரு பழுப்பு நாய் இருக்கிறது. அதன் வீட்டார் போன வருஷம் காலி செய்து போனார்கள். லாரி நின்ற இடத்தில்தான் இன்னும் படுக்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே வந்துவிட்டது. பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது அதில் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான்! பதினைந்து நாள் என்றாலும் அதில் செய்யக்கூடியது உண்டு. கணவர் மட்டும் முதலில் போய் வேலையில் சேரட்டும். நாயைச் சொந்தக்காரர் வீட்டிலோ நாய் விடுதியிலோ ஒரு மாதம் விட்டுவிட்டு, ஊரின் ஓரமாகத் தனி வீடாகத் தேடுங்கள். ஃப்ளாட்டை விட தனி வீட்டில் சம்மதம் சுலபமாகக் கிடைக்கிறது. அப்படியும் முடியாவிட்டால், உங்கள் கால்நடை டாக்டரிடமே நல்ல வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தோடு, அது சாப்பிடும் தட்டையும் விரிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

பூனைக்கும் இதே எழுத்து வேண்டுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் பலரும் சொந்தக்காரரிடம் சொல்லுவதே இல்லை. சோபாவும் திரைச்சீலையும் உங்களுடையது என்றாலும் ஜன்னல் வலை அவருடையது. இன்னொன்று, பூனை உள்ள வீட்டில் தரை துடைக்க ஃபினாயில் வேண்டாம். தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்; அந்த மருந்து பூனைக்கு விஷம்.