பிடிப்பதும் கடிப்பதும்

புதுச் செருப்பு வாங்கி வந்த அன்று எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய்க் கிண்ணமும் வெளியே வரும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பழைய வேட்டிக் கிழிசலை எண்ணெயில் தோய்த்து, வாரின் உள்பக்கம், குதிகால் படும் ஓரம், கட்டைவிரல் நுழையும் வளையம் என்று ஓரிடம் விடாமல் தேய்ப்பார். ராத்திரி முழுக்க ஊறும். காலையில் போட்டு நடந்தால் கறுக்முறுக்கென்ற சத்தம் பாதி குறைந்திருக்கும். கடி மட்டும் குறையாது. "ரெண்டு நாள் கடிக்கும், அப்புறம் பழகிடும்" என்பார். நாற்பது வருடம் அதை வேதவாக்காக வைத்திருந்தேன்.

அந்த வாக்கு தவறு என்று எனக்குப் புரிந்தது போன கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். மகள் அங்கே கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறாள். மாலையில் படகுத் துறைக்கு நடப்போம். பாய்மரப் படகுகளிலிருந்து இறங்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரி ஷூ போட்டிருந்தார்கள். தாழ்வான தோல் ஷூ, வெள்ளை ரப்பர் அடிப்பாகம், விளிம்பைச் சுற்றிக் கண்களுக்குள் நுழைந்து ஓடும் தோல் லேஸ், காலுறை கிடையாது. வெயிலிலும் உப்பிலும் வெளுத்துக் காய்ந்த புல் நிறத்துக்கு வந்திருந்தன. யாரும் நொண்டவில்லை. "அப்பா, இது போட் ஷூ. உங்க காலுக்கு நல்லாருக்கும், வாங்கிக்கோங்க" என்றாள்.

இந்த ஷூ பிறந்ததும் கனெக்டிகட்டில்தான். பால் ஸ்பெர்ரி என்பவருக்குப் பாய்மரப் படகில் பைத்தியம். ஈரமான மேல்தளத்தில் வழுக்கி விழுந்து பட்டவர். 1935-ல் ஒரு குளிர்காலத்தில், அவர் வளர்த்த பிரின்ஸ் என்கிற காக்கர் ஸ்பானியல் நாய் பனிக்கட்டிமேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்தார். நாயின் பாதத்தில் நெளிநெளியான கீறல்கள் இருந்தன. பேனாக்கத்தியை எடுத்து ரப்பரில் அதே மாதிரி கீறிப் பார்த்தார். தட்டையாக நிற்கும்போது மூடியிருக்கும் கீறல்கள், கால் மடங்கும்போது திறந்து, தளத்தில் இருக்கும் தண்ணீரை ஒதுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கறுப்பு ரப்பர் படகின் தளத்தில் கோடு போடும் என்பதால் அடிப்பாகம் வெள்ளையாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை மாலுமிகளின் கால்களுக்கும் இது போய்ச் சேர்ந்தது. பிறகு கல்லூரி மாணவர்கள், அப்புறம் படகையே பார்க்காதவர்கள்.

கடையில் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். என்ன சைஸ் என்று கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து, ஒரு உலோகத் தட்டைத் தரையில் வைத்தார். பிரானாக் என்று பெயர். நூறு வருடம் முன்பு சிரக்யூஸ் நகரத்துச் செருப்புக் கடைக்காரர் மகன் ஒருவர் உருவாக்கிய அளவுகோல். அதில் நீளம் மட்டும் பார்ப்பதில்லை. அகலத்துக்குத் தனி நகர்த்தி, குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டுவரை உள்ள தூரத்துக்குத் தனி நகர்த்தி. இரண்டு காலையும் அளந்தார். நின்றபடி அளந்தார், ஏனென்றால் உடம்பின் எடை இறங்கினால்தான் பாதம் விரியும். சாயங்காலம் வந்தது நல்லது என்றும் சொன்னார், நாள் முழுக்க நடந்து கால் சற்று உப்பியிருக்கும் நேரம் அது.

என் பாதத்தின் நீளம் அமெரிக்க அளவில் 9. நம் ஊர்க் கடைகளில் ஓடும் பிரிட்டிஷ் அளவில் ஏறத்தாழ 8. நான் வாழ்நாள் முழுக்க வாங்கியதோ 9! பாதத்தின் முன்பக்கம் அகலம், எட்டில் நுழையாது, அதனால் ஒன்பது. ஒரு சைஸ் ஏறினால் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம் கூடும், சுமார் எட்டரை மில்லிமீட்டர். அகலத்துக்காக நான் வாங்கிய அந்த எட்டரை மில்லிமீட்டரும் விரல் நுனிக்கு முன்னால் வெற்றிடமாகக் கிடந்திருக்கிறது. ஷூ மடங்க வேண்டிய இடம் ஒன்று, என் கால் மடங்கும் இடம் வேறொன்று. குதிகால் ஏறி இறங்கித் தேய்ந்தது. கடித்தது ஷூ என்றுதான் நினைத்திருந்தேன். கடிக்க விட்டது அளவு.

இது என் கால் மட்டும் செய்த குற்றமில்லை. நம் அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் பொதுவாக முன்பக்கம் அகலமானவை என்பது அதில் தெரிந்தது. இந்தியப் பாதங்களுக்கென்றே ஓர் அளவுமுறை வேண்டும், அதற்கு 'பாரத்' என்பதன் சுருக்கமாக 'பா' என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையும் வந்தது. அது எல்லாக் கடைகளுக்கும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். பள்ளிக்கூட ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும்.

கடைக்காரர் இரட்டை E என்று குறித்த அகல வகையை எடுத்துவந்தார். நுழைந்ததும் பக்கவாட்டில் கெட்டியாகப் பிடித்தது. விரல்கள் நேராக நீண்டு, முனையில் இடிக்காமல் இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இந்த ஷூ மொக்கசின் வகை. நல்ல மொக்கசினில் ஒரே தோல்துண்டு பாதத்துக்கு அடியில் போய், இரண்டு பக்கமும் தொட்டில்போல மேலே ஏறி வரும். மேலே ஒரு மூடித் துண்டு வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்திருப்பார்கள். உள்ளே விறைப்பான அட்டை இல்லை, பல ஷூக்களில் உள்துணியும் இல்லை. ஆகவே தோல் பக்கவாட்டில் இளகிக் கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது, அதை ரப்பர் அடிப்பாகம் கட்டிப் போட்டிருக்கிறது. அகலத்தில் சற்று இறுக்கம் என்றால் வாங்கலாம், விரல் முனை இடித்தால் எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

மலிவான சில ஷூக்களில் அந்த முன்பக்கத் தையல் வெறும் கோலம். தோலைச் சுருக்கி மேலே நூல் ஓட்டியிருப்பார்கள், உள்ளே கையை விட்டால் தையல் விரலுக்குத் தட்டுப்படாது. நான் இப்போது எந்தக் கடையிலும் முதலில் கையைத்தான் உள்ளே விடுகிறேன். அடுத்து ஷூவை வளைத்து, அடியில் கீறல்கள் திறக்கின்றனவா என்று பார்க்கிறேன்.

வாங்கிய ஜோடியின் நாக்கின் அடியில் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. ஊர் பெயர் இல்லை. எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துவிட்டது. 

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக அங்கே போயிருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடுவதும் ஷூ செய்வதும் பெரிய தொழிற்சாலைகளில் நடக்கின்றன. ஆனால் மொக்கசினின் மூடித்தையல் பல நேரங்களில் தொழிற்சாலைக்கு வெளியே, பெண்களின் வீட்டு வாசலில் நடக்கிறது. ஏஜென்ட் துளை போட்ட தோல்துண்டுகளையும் நூலையும் கொண்டுவந்து போடுவார், தைத்ததும் எடுத்துப் போவார். நான் பார்த்த அம்மா வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவில் ஷூவின் மேல்பகுதி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று நுழைத்து, இரண்டு கையையும் விரித்து இழுப்பார். அப்படித் தைத்தால் நடுவில் நூல் அறுந்தாலும் தையல் சட்டென்று பிரிந்து போகாது.

"நூல் இழுத்து இழுத்து விரல் அறுத்துடும் சார்" என்று கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது, துணியிலும் பள்ளம் விழுந்திருந்தது. "தோள்பட்டைதான் ராத்திரியில தூங்க விடாது." ஒரு ஜோடிக்கு அவருக்குக் கிடைத்த கூலியில் டீக்கடையில் ஒரு டீயும் பிஸ்கட்டும் வாங்கலாம். என் காலில் இருக்கும் ஷூவின் விலையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் கால் கடிபடாமல் இருப்பதற்கு அவருடைய விரல் கடிபடுகிறது. கைத்தையல் என்று சொல்லி விலை கூட்டுகிறவர்கள் அந்தக் கைக்கும் கூட்டித் தர வேண்டும்.

பழக்கியது இப்படித்தான். முதல் நாள் வீட்டுக்குள் மட்டும் ஒரு மணி நேரம். அடிப்பாகம் அழுக்காகாமல் இருந்தால், அளவு சரியில்லை என்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம். மறுநாள் குதிகால் விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி உருட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து தெருமுனை வரை. தோல் உரசும் இடத்தில் சூடு தெரிந்ததும், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு பிளாஸ்திரி. குதிகால் முதலில் இம்மியளவு ஏறி இறங்கும், அடிப்பாகம் வளையப் பழகியதும் நின்றுவிடும். விரல் நுழையும் அளவு இடைவெளி என்றால் அது நிற்காது. தோல் லேஸ் அடிக்கடி அவிழும், லேசாக ஈரம் தொட்டு இரட்டை முடிச்சுப் போட்டால் காயும்போது இறுகிக்கொள்கிறது.

விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. பதனிடும்போதே எண்ணெய் ஏற்றிய தோல் இது. மேலும் ஊற்றினால் தொளதொளத்துப்போய்ப் பிடிப்பை இழந்துவிடும். இரண்டு வாரத்தில் ஷூ காலோடு சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் அது பிடித்தது, ஒருநாளும் கடிக்கவில்லை.

அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். அறுபத்து மூன்று வயதில் அவர் வாங்கிய கடைசி ஷூ சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. காலுறையில் ரத்தம் பார்த்தது அம்மாதான். புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் புது ஷூவைக் கழற்றியதும் இரண்டு பாதத்தையும் கையால் தடவி, கண்ணால் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பழகிடும் என்று அவர்கள் ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது.

சென்னையில் இந்த ஷூவுக்கு எதிரி வியர்வை. வெளியே தெரியாத குட்டைக் காலுறை போட்டுக்கொள்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் அலை தொட்டுவிட்டால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உள்ளே காகிதம் அடைத்து நிழலில் வைக்கிறேன். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

போன வாரம் லேஸ் அறுந்துபோயிற்று. எங்கள் தெருமுனையில் குடைநிழலில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் லேஸைப் பார்க்கவில்லை. ஷூவைத் திருப்பி, முன்பக்கத் தையலை நகத்தால் ஒவ்வொரு கண்ணாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"மெஷின் இல்ல சார் இது. ரெண்டு ஊசி போட்டுத் தச்சிருக்காங்க. யாரோ நல்ல கை."

"ஆம்பூர்ப் பக்கமா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தோல் வாரிலிருந்து புது லேஸ் கிழிக்க ஆரம்பித்தார்.