உரசல் கேட்கும் பங்கு

மாதக் கடைசியில் வரவும் செலவும் ஒத்து வராவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வருமா, சகோதரிகளே? இயற்கையும் அப்படித்தான். சக்தியில் ஒரு துளியைக்கூட அது தொலைப்பதில்லை.

ஒரு சாய்ந்த பலகை. அதன் அடியில் ஒரு சுருள்வில். 10 கிலோ பெட்டியை 1 மீட்டர் உயரத்திலிருந்து சறுக்க விடுங்கள். வரவு 98 ஜூல். வழியில் உரசல் 30 ஜூலை எடுத்துக்கொண்டால், வில்லுக்குச் சேர்வது 68தான். வில் நாணயஸ்தன், வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் பெட்டி ஏறும்போதும் உரசல் தன் பங்கைக் கேட்கிறதே! அரை மீட்டரைச் சற்றுத் தாண்டியதும் பெட்டி நின்றுவிடும்.

மிச்சம் எங்கே? பலகையிலும் பெட்டியிலும் சூடாக இருக்கிறது. தீக்குச்சியைக் கிழிக்கிறோமே, அடுப்பைப் பற்ற வைப்பது அந்தச் சூடுதான்.

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளிலோ அதே சூடு எமன். மருந்து சிந்திய தரையில் பெட்டியை இழுத்தாலே ஆபத்து. அதனால்தான் தரைக்கு ரப்பர் விரிப்பு. இரும்புக் கருவிக்குத் தடை. பெட்டியை இழுக்காமல் தூக்க வேண்டும் என்ற கண்டிப்பு. அங்கே உழைப்பவர்களில் ஏராளமானோர் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை விரையத்தானே செய்யும்? உரசலோ அவசரம் பார்த்துக் கணக்கைத் தள்ளுபடி செய்வதில்லை.

தீபாவளியன்று மத்தாப்புக் கொளுத்தும்போது, அந்தக் கைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்வீர்கள் அல்லவா?