அண்டா தேய்க்க யார் வருகிறீர்கள்?

ரமலான் பிறந்துவிட்டால் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் கோயிலில் காலையிலேயே அடுப்பு பற்றிவிடும். அங்கே சமைத்தது சாயங்காலம் திருவல்லிக்கேணி பெரிய மசூதிக்குப் போகும். 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் அது. நோன்பு திறக்க உட்காரும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்குப் பரிமாறுகிறவர்கள் இந்துக்கள், தலையில் தொப்பியுடன். பிரிவினையின்போது சிந்துவை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த வழக்கம். பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

நல்லிணக்கம் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நம்மை உறுத்த வேண்டியது இதிலுள்ள வேலை. காய் நறுக்க வேண்டும், அண்டா தேய்க்க வேண்டும், வரிசைக்கு வரிசை குனிந்து பரிமாற வேண்டும். அதுவும் மாதம் முழுக்க. சமையல் சைவம்தான்; பள்ளிவாசல் அதை அப்படியே ஏற்கிறது. தொப்பி அணிய இவர்களும் கூச்சப்படுவதில்லை.

நம்மில் பலருக்கு அடுத்தவர் பண்டிகை வாயோடு சரி. "பாய், பிரியாணி எங்கே?" என்போம். கிறிஸ்துமஸுக்குக் கேக், கொலுவுக்குச் சுண்டல். சாப்பிடுவதில் தப்பில்லை, சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறார்கள்?

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்கிறவர்களும் அப்படியே. திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலை அடையாறு பக்கம் போய்ப் பாருங்கள். நசுங்கிய காகிதக் கோப்பைகள் ஈரத் தாரில் ஒட்டிக் கிடக்கும். துப்புரவுப் பணியாளர் ஒருவர் துடைப்பத்தால் வராததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். புண்ணியம் பந்தல்காரருக்கு, முதுகுவலி அவருக்கு.

மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. குடியிருப்புச் சங்கங்களும் வணிகர்களும் மோர்ப் பந்தலுக்கு வசூலிக்கும்போதே குப்பைத் தொட்டிக்கும் சாக்குக்கும் சேர்த்து வசூலிக்கட்டும். காகிதக் கோப்பைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் கழுவ ஆள் வேண்டும். கழுவ வருகிறவர்களின் பெயர்களையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். ஒன்பதாம் தேதி காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தோடு வர நாலு பேர் போதும், ஒரு தெருவுக்கு.