முகப்பு என்ன, வெறும் பூச்சா?

கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: நிரலகம் நன்றாக இருந்தால் போதும், அதற்குச் சாளரமும் பொத்தானும் கட்டுவது வீண்வேலை, தேவைப்பட்டவர் கட்டளையைப் பழகிக்கொள்ளட்டும்.

டெசரக்டையே எடுத்துக்கொள்வோம். 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்து, மறு ஆண்டிலிருந்து கூகுள் ஆதரவில் வளர்ந்த எழுத்துணரி அது; படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும். தமிழும் படிக்கும், சிங்களமும் படிக்கும். ஆனால் பயனருக்குக் கட்டளை வரியோடு சரி. தனக்கென்று சாளரம் கிடையாது.

“ஒரே ஒரு வரிதானே?” என்பார்கள். இலங்கையின் வஹகோட்டையில் ஒருவர் அந்தோனியார் திருவிழாவின் பழைய மலர் ஒன்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒரு பத்தி தமிழ், பக்கத்துப் பத்தி சிங்களம், நடுவே படம். டெசரக்ட் பிடிஎஃப்பை வாங்காது. முதலில் படமாக்க வேண்டும். மொழியைச் சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தை ரோமன் எழுத்துக் குப்பையாகக் கொட்டும். பக்க அமைப்புக்கு 0 முதல் 13 வரை எண்கள்; எது எதற்கென்று தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

அந்தப் பேச்சில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எழுத்துணர்தலில் இயந்திரத்தின் வேலை பாதிதான்; மீதி, கண்ணின் வேலை. தமிழில் ‘ர’வும் துணைக்காலும் மாறும், ‘ண’வும் ‘ன’வும் மாறும். திருத்துகிறவருக்கு மூலப் படமும் வந்த எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். சிங்களப் பத்தியை விட்டுத் தமிழ்ப் பத்தியை மட்டும் மவுஸால் கட்டம் போட்டு எடுக்க வேண்டும். இதைக் கட்டளையில் எப்படிச் சொல்வது? புள்ளிக் கணக்கு எண்ணியா? டெசரக்ட் மீது கட்டப்பட்ட ஜிஇமேஜ்ரீடர் இதைத்தான் செய்கிறது: பிடிஎஃப்பைத் திறக்கும், கட்டம் போட விடும், எழுத்தை அருகிலேயே திருத்த விடும். இதைப் பூச்சு என்பவர் ஒரு பக்கமாவது பிழை திருத்திப் பார்த்திருக்க மாட்டார்.

சாளரம் வந்தால் நிரலகத்தின் வீச்சு குறையும் என்பதும் சரியில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரே மூச்சில் ஓட்டக் கட்டளைதான் தோது, மறுக்கவில்லை. ஆனால் சாளரம் வந்தாலும் கட்டளை போய்விடாது. எஃப்எஃப்எம்பெக் வீடியோ நிரலகங்களைப் பயன்படுத்திச் சாளரம் தரும் ஹேண்ட்பிரேக் வந்ததால் எஃப்எஃப்எம்பெக் கட்டளை ஒன்றும் செத்துப்போகவில்லையே.

வேடிக்கை என்னவென்றால், வீண்வேலை என்பவர்களே “இரண்டு நாள் வேலை” என்றும் சொல்வார்கள். எழுத்துணர்தலைச் சாளரம் ஓடும் அதே இழையில் (thread) ஓட்டினால் திரை உறைந்துபோகும். பயனர் கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார். தனி இழை வேண்டும், எவ்வளவு முடிந்தது என்று காட்ட வேண்டும், நடுவில் நிறுத்தவும் வழி வேண்டும். டெசரக்டின் நிரல் இடைமுகத்தில் முன்னேற்றம் அறியவும் நிறுத்தவும் வசதி ஏற்கெனவே உண்டு. ஆனால் பொறுமையாக இணைப்பதற்கு ஆள் வேண்டும்.

“போனிலேயே கூகுள் லென்ஸ் இருக்கிறதே, தனிச் சாளரம் எதற்கு?” என்றும் கேட்பார்கள். திருவிழா மலருக்குச் சரி. ஆனால் ஊராரின் சொந்த விவரங்கள் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டை யாருடைய சர்வருக்கோ அனுப்பலாமா?

இனிச் சாளரம் கட்டுகிறவர்கள் தமிழ், சிங்களத் தரவுக் கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்துவிடுவது நல்லது. பிறகு இறக்கிக்கொள் என்று விட்டால், டேட்டா தீர்ந்த இடத்தில் வேலையும் நின்றுபோகும்.